கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து பொறியியல் பட்டம் வரை: அமெரிக்காவில் உதவித்தொகை பெறும் வழி, வரிசையாக

அமெரிக்காவில் பொறியியல் பட்டம் பெற விரும்புபவர் முதல் நாளிலிருந்தே நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாக வேண்டும் என்பதில்லை. கம்யூனிட்டி கல்லூரி எனப்படும் ஈராண்டு அரசுக் கல்லூரியில் கணிதம், இயற்பியல், நிரலாக்கம் ஆகிய அடிப்படைப் பாடங்களை முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். பட்டச் சான்றிதழில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். கலிஃபோர்னியாவில் மட்டும் இத்தகைய கல்லூரிகள் 116 உள்ளன. பாடங்களின் அளவை யூனிட் என்ற அலகால் எண்ணுவார்கள்; மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். ஆண்டுக்கு 30 யூனிட் படித்தாலும் 1,380 டாலர்தான் ஆகும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்திலோ கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 15,000 டாலரை ஒட்டி வரும்.

கட்டணம் இவ்வளவு குறைவாக இருப்பதாலேயே பலர் உதவித்தொகையைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் மாணவரின் படிப்பைப் பாதியில் நிறுத்துவது வீட்டு வாடகை, காருக்கான செலவு, புத்தகம், மடிக்கணினி ஆகியவைதான். இவற்றுக்காக வாரம் 30 மணி நேரம் கடையில் நின்று வேலை பார்ப்பவரால் இரவில் கால்குலஸ் கணக்கைப் போட முடிவதில்லை. ஆகவே உதவித்தொகை என்பதைப் படிக்கும் நேரத்தை விலைகொடுத்து வாங்கும் பணம் என்றே கருத வேண்டும்.

ஒரு கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் இடும் குழுவில் சில ஆண்டுகள் இருந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல முடியும். பெரும்பாலான மாணவர்கள் இந்த வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் போட்டியிடும் தேசிய உதவித்தொகைகளை இணையத்தில் தேடி வாரக்கணக்கில் அலைந்துவிட்டு, தாங்கள் படிக்கும் கல்லூரியின் வளாகத்திலேயே இருக்கும் பணத்துக்கு ஒரு படிவம்கூட நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அதை நேராக்குவதற்கானது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவை. மற்ற மாநிலங்களில் திட்டங்களின் பெயர்கள் மாறுமே தவிர, வரிசை மாறாது.

யாருக்கு உரியது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

பொறியியலிலும் தொழில்நுட்பத்திலும் மக்கள்தொகையில் தங்களுக்கு உள்ள பங்கைவிடக் குறைவாக இருப்பவர்களையே பிரதிநிதித்துவம் குறைந்தவர்கள் என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை கணக்கிடுகிறது. பெண்கள், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், அமெரிக்கப் பூர்வகுடிகள், பசிபிக் தீவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் அதில் அடங்குவர். ஆசிய வம்சாவளியினர் பொதுவாக அதில் சேர மாட்டார்கள். இதைக் கேட்டதும் தமிழ்க் குடும்பங்கள் பல, நமக்கு இதில் இடமில்லை என்று முடிவுகட்டிவிடுகின்றன, அது தவறு. மின்னியல் பொறியியல் படிக்கும் தமிழ்ப் பெண் இந்த வரையறைக்குள் வருகிறார். பெற்றோர் இருவரும் கல்லூரிப் பட்டம் பெறாத மாணவர், ஈழத்திலிருந்து அகதியாக வந்து துப்புரவு வேலையோ கடை வேலையோ பார்க்கும் குடும்பத்தின் பிள்ளை, செவித்திறன் குறைந்த மாணவர் ஆகிய அனைவருக்கும் தனித்தனி வழிகள் உள்ளன.

இன்னொரு மாற்றத்தையும் அறிந்திருக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ளக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்த பிறகு, பல உதவித்தொகைகள் இன அடிப்படையிலான நிபந்தனையைக் கைவிட்டு, குறைந்த வருமானம், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற நிபந்தனைகளுக்கு மாறின. கலிஃபோர்னிய அரசுக் கல்லூரிகளில் 1996இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 209ஆவது முன்மொழிவு என்ற சட்டத்தின் காரணமாக முன்பே அந்த நிலைதான். எனவே பழைய பட்டியல்களில் உள்ள தகுதி விவரங்களை நம்பாமல், ஒவ்வோர் உதவித்தொகையின் நடப்பாண்டு அறிவிப்பையும் நேரில் படிக்க வேண்டும்.

முதல் படி: ஃபாஃப்சா

ஃபாஃப்சா என்பது கூட்டாட்சி அரசின் இலவச நிதியுதவி விண்ணப்பம். குறைந்த வருமான மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் பெல் மானியம், மாநில மானியம், வளாகத்தில் வேலை, கல்லூரியின் சொந்த உதவித்தொகை என எல்லாவற்றுக்கும் இதுவே வாசல். வழக்கமாக அக்டோபர் 1 அன்று அடுத்த கல்வி ஆண்டுக்கான படிவம் திறக்கப்படும். மாணவரும் பெற்றோரும் தனித்தனிக் கணக்கு தொடங்கி, வருமான வரித்துறையிலிருந்து விவரம் பெற இருவரும் இசைவு தர வேண்டும். பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாவிட்டாலும் கணக்கு தொடங்க முடியும். இசைவு தராவிட்டால் மற்ற எல்லாப் பதிலும் சரியாக இருந்தாலும் கூட்டாட்சி உதவி கிடைக்காது.

படிவம் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தைப் பார்க்கும். 2026–27 கல்வி ஆண்டுக்கு 2024ஆம் ஆண்டின் வரிக் கணக்கு எடுத்துக்கொள்ளப்படும். இடையில் தந்தைக்கு வேலை போயிருந்தாலோ பெரிய மருத்துவச் செலவு நேர்ந்திருந்தாலோ, கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் சிறப்புச் சூழ்நிலை மனு ஒன்றைச் சான்றுகளுடன் கொடுத்தால், கணக்கை மாற்ற அலுவலருக்கு அதிகாரம் உண்டு. இந்த மனுவைப் பற்றி யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை, கேட்டால்தான் தெரியும்.

நம்மவர்கள் தடுமாறும் இடம் சொத்து விவரம். குடியிருக்கும் வீடும் ஓய்வூதியச் சேமிப்பும் கணக்கில் வராது. ஆனால் ஊரில் வாங்கிப்போட்ட மனையும் வாடகைக்கு விட்ட வீடும் முதலீடாகவே கருதப்படும். கேள்வி கேட்கப்பட்டால் அவற்றைக் காட்ட வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கேள்விக்கே விலக்கு உண்டு. முடிவில் மாணவர் உதவிக் குறியீடு என்ற ஓர் எண் வரும். அது மைனஸ் 1,500 வரை இறங்கலாம். குறையக் குறைய உதவி கூடும்.

2025–26ஆம் ஆண்டில் பெல் மானியத்தின் உச்சத் தொகை 7,395 டாலர். இது திருப்பித் தர வேண்டியதில்லை. இத்துடன் கலிஃபோர்னியாவின் பிராமிஸ் மானியம் 46 டாலர் யூனிட் கட்டணத்தையே தள்ளுபடி செய்துவிடுவதால், பெல் பணம் ஏறத்தாழ முழுவதும் வாடகைக்கும் புத்தகத்துக்கும் மிஞ்சும். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு இந்த வசதி இருக்காது. கம்யூனிட்டி கல்லூரியில் இருக்கும்போதே வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு மதிப்பெண்ணைத் தூக்கிவிட வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

குடியுரிமை, நிரந்தரக் குடியிருப்பு, அகதி நிலை ஆகியவற்றில் ஒன்று உள்ளவர்களே பெரும்பாலும் ஃபாஃப்சாவுக்குத் தகுதியானவர்கள். ஆவணமற்ற மாணவர்களுக்குக் கலிஃபோர்னியாவில் ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் என்ற தனிப் படிவம் உண்டு. எஃப்-1 மாணவர் விசாவிலும் எச்-4 சார்ந்தோர் விசாவிலும் இருப்பவர்கள் ஃபாஃப்சா மூலம் உதவி பெற முடியாது. அவர்கள் கல்லூரி அறக்கட்டளையின் உதவித்தொகைகளையும் தனியார் அமைப்புகளின் உதவித்தொகைகளையுமே நாட வேண்டும்.

ஈழத்திலிருந்து வந்த ஒரு தாயார், மகனுடன் அலுவலகத்துக்கு வந்து, படிவத்தைத் தொடாமலே, "எங்களுக்கெல்லாம் தரமாட்டினம், தம்பி" என்று சொன்னது நினைவிருக்கிறது. அன்று மாலையே படிவம் முடிந்தது. முழு பெல் மானியமும் கிடைத்தது. தராமல் போவதற்கு விண்ணப்பிக்காமல் இருப்பதே பல வீடுகளில் ஒரே காரணம்.

இரண்டாம் படி: வளாகத்துக்குள் இருக்கும் பணம்

கலிஃபோர்னியாவில் 1969 முதல் இயங்கும் இ.ஓ.பி.எஸ். என்ற திட்டம், குறைந்த வருமானமும் கல்வியில் பின்தங்கிய சூழலும் உள்ள முழுநேர மாணவர்களுக்குப் புத்தக உதவி, தனிக் கவுன்சிலர், முன்னுரிமைப் பாடப் பதிவு ஆகியவற்றைத் தருகிறது. பொதுவாக 12 யூனிட் எடுத்திருக்க வேண்டும். 70 யூனிட்டைத் தாண்டியவர் சேர முடியாது. ஆகவே முதல் செமஸ்டரிலேயே போய்ச் சேருவதுதான் அறிவு. முன்னுரிமைப் பதிவைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஒரே ஒரு பிரிவாக நடக்கும் இயற்பியல் வகுப்பில் இடம் கிடைக்கிறதா இல்லையா என்பதே பொறியியல் மாணவருக்கு ஓர் ஆண்டைக் காப்பாற்றும் அல்லது தின்னும்.

டிரயோ எனப்படும் கூட்டாட்சித் திட்டத்தின் மாணவர் ஆதரவுப் பிரிவும் இதே போன்றது. முதல் தலைமுறை மாணவர், குறைந்த வருமானத்தார், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு உரியது.

இவை எல்லாவற்றையும்விடப் பொறியியல் மாணவருக்கு நெருக்கமானது மெசா. கணித, பொறியியல், அறிவியல் மாணவர்களுக்காக 1970இல் ஓக்லாந்து நகரின் ஒரு பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டம், இன்று கலிஃபோர்னியாவின் பல கம்யூனிட்டி கல்லூரிகளில் ஓர் அறையாக, ஒரு மையமாக இருக்கிறது. வெள்ளைப் பலகைகள், நான்கைந்து மேசைகள், ஒரு நுண்ணலை அடுப்பு, சுவரில் பல்கலைக்கழகக் கொடிகள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூன்று பேர் ஒரே தொகையீட்டுக் கணக்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். பார்ப்பதற்கு உதவித்தொகைக்கும் இதற்கும் தொடர்பில்லாதது போலத் தோன்றும். ஆனால் நாசா ஆய்வு மையங்களின் பயிற்சி, கோடைகால ஆய்வு வாய்ப்பு, புதிதாக வந்த உதவித்தொகை ஆகிய செய்திகள் முதலில் வந்து விழும் இடம் அந்த அறைதான். பரிந்துரைக் கடிதம் எழுதித் தரக்கூடிய அளவுக்கு மாணவரை அறிந்த இயக்குநரும் அங்கேதான் இருப்பார்.

அடுத்து, கல்லூரியின் அறக்கட்டளை. பழைய மாணவர்களும் ஊர் நிறுவனங்களும் கொடுத்த நன்கொடைகளிலிருந்து 500, 1,000, 2,000 டாலர் என்று வழங்கப்படும் உதவித்தொகைகளுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் ஒரே விண்ணப்பம் போதும். பொருத்தமானவற்றுடன் கணினியே இணைத்துவிடும். நாங்கள் படித்த விண்ணப்பங்களில், பொறியியல் துறைக்கென ஒதுக்கப்பட்ட சிறு உதவித்தொகைகளுக்குப் போதிய ஆள் வராமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்த அனுபவம் உண்டு. சிறு தொகைதானே என்று மாணவர்கள் விடுகிறார்கள். 1,000 டாலர் என்பது ஒரு செமஸ்டரில் ஏறத்தாழ அறுபது மணி நேரக் கடை வேலையை மிச்சப்படுத்தும்.

மூன்றாம் படி: எஸ்-ஸ்டெம்

எஸ்-ஸ்டெம் என்ற இந்த அறிவியல், பொறியியல் உதவித்தொகைத் திட்டத்தைத் தனியாகச் சொல்லக் காரணம், பெரும் தொகையாக இருந்தும் மாணவர்களுக்குப் பெயரே தெரியாமல் இருப்பதுதான். இதற்காகத் தேசிய அறிவியல் அறக்கட்டளை கல்லூரிகளுக்கு நிதி வழங்குகிறது. கல்லூரிகள் அதைத் தங்கள் குறைந்த வருமான மாணவர்களுக்கு உதவித்தொகையாகப் பிரித்துக் கொடுக்கின்றன. இளநிலை மாணவருக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் வரை வழங்க விதி இடம் தருகிறது. உண்மையில் கிடைப்பது, மற்ற உதவிகள் போக மாணவருக்கு இன்னும் மிஞ்சும் தேவையைப் பொறுத்தது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தமிழ் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். எச்-1பி விசாவுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதிதான் இதன் ஊற்று. 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவ்வாறு ஏற்பாடு செய்தது. சென்னையிலிருந்து மென்பொருள் பொறியாளர்களை அழைத்துவரும் நிறுவனம் கட்டும் பணம், சான் ஹோசேயில் ஒரு கம்யூனிட்டி கல்லூரி மாணவரின் புத்தகத்துக்குப் போய்ச் சேரலாம்.

இதற்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நேராக விண்ணப்பிக்க முடியாது. உங்கள் கல்லூரியின் பெயரையும் எஸ்-ஸ்டெம் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்; கிடைக்காவிட்டால் பொறியியல் துறைத் தலைவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், ஏனெனில் பல கல்லூரிகள் இதற்கு வேறு ஏதாவது பெயர் சூட்டியிருக்கும். குடியுரிமை பெற்றவர், நிரந்தரக் குடியிருப்பாளர், அகதியாக அனுமதிக்கப்பட்டவர் ஆகியோர் தகுதியானவர்கள். பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடத்தப்படும் எஸ்-ஸ்டெம் திட்டமாக இருந்தால், கல்லூரி மாறிய பிறகும் அது தொடரக்கூடும். இதைக் கட்டாயம் கேட்டுவையுங்கள்.

நான்காம் படி: பாடத்திட்டமே உதவித்தொகையின் அடித்தளம்

உதவித்தொகை வழிகாட்டியில் பாடத்திட்டத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். பணம் நின்றுபோன மாணவர்களில் நான் கண்ட பெரும்பாலோருக்கு அது நின்றதே பாடத்திட்டம் குலைந்ததால்தான்.

பொறியியலுக்கு மாறக் கால்குலஸ் மூன்று செமஸ்டர், நேரியல் இயற்கணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள், கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல், வேதியியல், நிரலாக்கம், துறைக்கேற்ப நிலையியலோ மின்சுற்றோ தேவை. இவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. முதல் கால்குலஸ் முடியாமல் இயற்பியலில் சேர முடியாது. சில பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒரு பாடத்தைக் கைவிட்டால் அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் 12 யூனிட்டை நிரப்பத் தேவையற்ற பாடங்களை எடுத்தால், இ.ஓ.பி.எஸ். வரம்பும் பெல் மானியத்தின் வாழ்நாள் வரம்பான 12 முழுநேர செமஸ்டர்களும் கரைந்துபோகும். கலிஃபோர்னியாவில் எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை அசிஸ்ட் என்ற அரசுத் தளம் சொல்கிறது. முதல் செமஸ்டரிலேயே அதைப் பார்த்து, கவுன்சிலருடன் உட்கார்ந்து முழுத் திட்டத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இத்துடன் திருப்திகரமான கல்வி முன்னேற்றம் என்ற விதி உள்ளது. பொதுவாக ஜிபிஏ எனப்படும் சராசரி மதிப்பெண் 2.0க்குக் குறையக்கூடாது, எடுத்த யூனிட்டுகளில் 67 விழுக்காடாவது முடித்திருக்க வேண்டும். பாடத்தைப் பாதியில் விடும்போது பெறும் டபிள்யூ என்ற குறி ஜிபிஏவைத் தொடாது என்பதால் மாணவர்கள் அதை ஆபத்தில்லாதது என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்த 67 விழுக்காட்டுக் கணக்கில் அது முடிக்காத பாடம்தான்.

ஐந்தாம் படி: கட்டுரையும் கடிதமும்

விண்ணப்பக் கட்டுரைகளில் பாதி, சிறுவயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம் உண்டு என்று தொடங்கும். நாற்பது கட்டுரை படித்துக் களைத்தவருக்கு அந்த வரி கண்ணிலேயே படாது. என் நினைவில் நின்ற ஒரு கட்டுரை, தந்தையின் உணவு வண்டியில் இருந்த ஜெனரேட்டர் வெள்ளிக்கிழமை மாலை நின்றுபோன கதையுடன் தொடங்கியது. குளிர்பெட்டியும் வறுக்கும் அடுப்பும் ஒரே சமயத்தில் இயங்கும்போது மட்டும் அது நிற்கிறது என்பதை அந்த மாணவி கவனித்தாள். இரண்டின் வாட் அளவையும் தாளில் கூட்டிப் பார்த்தாள். ஜெனரேட்டரின் தாங்குதிறனைவிட அது கூடுதல் என்று கண்டாள். மின்சுற்று வகுப்பில் சேர்ந்தபோது அன்று தான் செய்ததற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது என்று எழுதியிருந்தாள். அவள் வறுமையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை; வண்டி நின்றால் அந்த வாரத்துக்கு வருமானமில்லை என்பது படித்தவர்களுக்கே புரிந்தது.

ஆகவே கட்டுரையில் ஒரு சம்பவத்தை எடுத்து, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன எண் வந்தது, எங்கே தவறினீர்கள் என்று எழுதுங்கள். பணம் எதற்கு வேண்டும் என்ற கேள்விக்குத் தொகையுடன் விடை சொல்லுங்கள். "படிப்புச் செலவுக்கு உதவும்" என்பதைவிட, "வாரம் 28 மணி நேர வேலையை 15 ஆகக் குறைத்து இயற்பியல் ஆய்வக வகுப்பில் சேர்வேன்" என்பது எந்தக் குழுவையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். இரண்டு மூலக் கட்டுரைகளை நன்றாக எழுதி வைத்துக்கொண்டால், பத்து விண்ணப்பங்களுக்கு அவற்றையே திருத்திப் பயன்படுத்தலாம்.

பரிந்துரைக் கடிதத்தைக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகக் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் பேராசிரியரின் அலுவலக நேரத்துக்குப் போகத் தயங்குவதும், மரியாதை கருதி எதையும் கேட்காமல் இருப்பதும் இங்கே பெருந்தடை. ஆசிரியரைப் போய்ப் பார்ப்பது அங்கே தொந்தரவாகக் கருதப்படுவதில்லை. கடிதம் கேட்கும்போது மதிப்பெண் பட்டியல், கட்டுரையின் வரைவு, கடைசி நாள், அவருடைய வகுப்பில் நீங்கள் செய்த ஒரு வேலையின் குறிப்பு ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்பினால், கடிதம் பொதுப்படையாக அமையாது.

ஆறாம் படி: தேசிய உதவித்தொகைகள்

இப்போதுதான் இவற்றின் முறை. 1950இல் தோன்றிய பெண் பொறியாளர் சங்கம் ஒரே விண்ணப்பத்தின் மூலம் பல உதவித்தொகைகளுக்கு மாணவிகளைப் பரிசீலிக்கிறது. 1974இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய லத்தீன் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஷ்பி, 1975இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் தோன்றிய தேசியக் கறுப்பினப் பொறியாளர் சங்கம், 1977 முதல் இயங்கும் அமெரிக்கப் பூர்வகுடி அறிவியல், பொறியியல் சங்கம் ஆகியவையும் உதவித்தொகை வழங்குகின்றன. இவற்றில் மாணவர் உறுப்பினர் கட்டணம் சிறிது இருக்கலாம். அதற்கு மாறாக, உதவித்தொகைக்கே விண்ணப்பக் கட்டணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அது மோசடி என்று கொண்டு விலகுங்கள்.

ஈராண்டுக் கல்லூரி மாணவர்களுக்கான மதிப்புறு சங்கமான ஃபை தீட்டா காப்பாவில், உயர்ந்த ஜிபிஏ உள்ளவர்கள் சேரலாம். அதன் உறுப்பினர்களுக்கென்றே பல பல்கலைக்கழகங்கள் மாறிவரும் மாணவர் உதவித்தொகையை ஒதுக்கிவைத்துள்ளன. எஃப்-1 மாணவர்களும் இந்த வழியை ஆராயலாம்.

உச்சியில் இருப்பது ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையின் மாற்ற உதவித்தொகை. பல்கலைக்கழகத்துக்கு மாறும் கம்யூனிட்டி கல்லூரி மாணவருக்கு ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தரும். மிக உயர்ந்த ஜிபிஏவும் நிதித் தேவையும் வேண்டும், போட்டி கடுமை. ஆயினும் இதற்கான கட்டுரைகளை எழுதி முடித்தவரிடம் மற்ற எல்லா விண்ணப்பங்களுக்கும் தேவையான சரக்கு சேர்ந்திருக்கும் என்பதால், தகுதி இருந்தால் முயலலாம்.

சைபர் பாதுகாப்புத் துறையினர் சைபர்கார்ப்ஸ் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். கட்டணத்துடன் நல்ல மாதப்படியும் தரும் இந்தத் திட்டத்தில், படிப்புக்குப் பிறகு அரசுப் பணி செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் வாங்கிய தொகை கடனாக மாறிவிடும். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

ஏழாம் படி: கிடைத்த பிறகு

வெளியிலிருந்து 5,000 டாலர் கிடைத்ததும், கல்லூரி தன் உதவியில் 5,000 டாலரைக் குறைத்துவிடுவது உண்டு. மேரிலாந்து 2017இல் இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. கலிஃபோர்னியாவும் பெல் மானியத்துக்கோ ட்ரீம் ஆக்ட் உதவிக்கோ தகுதியான மாணவர்களுக்காக 2022இல் அவ்வாறே செய்தது. வேறு மாநிலத்தில் இருந்தால், குறைப்பதாக இருப்பின் முதலில் கடனிலும் வளாக வேலையிலும் குறையுங்கள், மானியத்தைத் தொடாதீர்கள் என்று நிதியுதவி அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். வரியைப் பொறுத்தவரை, கட்டணத்துக்கும் பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம், கருவிகளுக்கும் செலவான பகுதிக்கு வரி இல்லை. வாடகைக்கும் உணவுக்கும் போன பகுதி வருமானமாகக் கருதப்படும். எனவே ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த அன்றே ஃபாஃப்சாவைத் திறந்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் குறியீட்டு எண்ணைச் சேர்த்துவிடுங்கள். இணையப் படிவத்தில் 20 கல்லூரிகள் வரை இடம் உண்டு. முழு மதிப்பெண்ணுடன் மாறிய மாணவர் ஒருவர், ஆகஸ்டில் விடுதிக் கட்டண ரசீதைப் பார்த்த பிறகுதான் தன் நிதியுதவி பழைய கல்லூரியின் பெயரிலேயே கிடப்பதைக் கண்டார். எண்ணைச் சேர்க்க ஐந்து நிமிடம் ஆனது. பணம் வந்து சேர அக்டோபர் ஆனது.